பதினோராம் கட்டிலின் ஈரத் துணி

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. கூடுதலாக வரும் அந்த இரண்டும் என் தங்கையின் பிள்ளைகள். அவள் சீக்கிரம் போய்விட்டாள். ஐந்து பேரும் இன்று வேலை, வீடு, குடும்பம் என்று நன்றாக இருக்கிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது நான் வளர்க்காத ஒரு பிள்ளையைப் பற்றி. அதன் இடுப்புத் துணி நனைய வேண்டும் என்று ஒரு நாள் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் ஆயம்மா வேலை பார்த்து என்ன சம்பாதித்தாய் என்று யாராவது கேட்டால், அந்த நாளைத்தான் சொல்வேன்.

என் படிப்பு மூன்றாம் வகுப்பு. ஜெபப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் எழுதினால் விரல் வலிக்கும். அதனால் இது பாதி நான் எழுதியது, பாதி நான் சொல்லி என் பேத்தி ரீனா எழுதியது. நடுவில் அவள் அழகுபடுத்தப் பார்த்தாள். நான் விடவில்லை.

எழுதச் சொன்னது ஸ்டெல்லா. இப்போது அந்த ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கெல்லாம் மேலே இருப்பவள். போன மாதம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காக்ஸ் டவுனில் என் வீட்டுக்கு வந்தாள். காபி குடித்துவிட்டுச் சொன்னாள்:

"ஆயம்மா, இப்ப எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்திருச்சு. ஆளுக்கு ஒண்ணு கையில வச்சிருக்காங்க. பேஷண்டைப் பாக்கறதில்ல, அதைப் பாத்துட்டே டிக் அடிக்கறாங்க. புதுசா வந்திருக்கற பிள்ளைங்களுக்கு கிளாஸ் எடுக்கணும். நீங்க அந்தப் பதினோராம் பெட் கதையை எழுதிக் குடுங்க. நான் வாசிச்சுக் காட்டறேன்."

"அதுல உன் பேரு வருமே, ஸ்டெல்லா."

"வரட்டும். தப்புப் பண்ணவ நான்தான்னு போடுங்க. இல்லன்னா பிள்ளைங்க நம்பாது."

இப்படிச் சொல்ல எல்லாராலும் முடியாது. அவள் ஏன் பெரிய பதவிக்கு வந்தாள் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

நான் வேலையில் சேர்ந்தது ஆண்கள் வார்டில். கன்டோன்மென்ட் பக்கத்தில் பழைய கட்டடம், உயரமான கூரை, ஜன்னல் ஓரத்தில் மட்டும் காற்று. முதல் வருஷம் தரை துடைக்க, பெட்பேன் கழுவ, போர்வை மடிக்கக் கற்றுக்கொண்டேன். அதையெல்லாம் விவரமாகச் சொன்னால் யாருக்கும் சுவாரசியப்படாது. ஆனால் ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும்.

வெயில் காலத்தில் நோயாளிகள் தங்களுக்குள் கட்டில் மாற்றிக்கொள்வார்கள். இன்றைக்கு நீ ஃபேனுக்குக் கீழே படு, நாளைக்கு நான் படுக்கிறேன் என்று அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. நர்சுக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது. ஒரு நாள் ஆறாம் கட்டிலை எக்ஸ்ரேக்குக் கூட்டிப் போ என்றார்கள். ஆறாம் கட்டிலில் படுத்திருந்தவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருந்தவர், வயிற்றுப் புண்ணுக்குச் சேர்ந்தவர். அவருடைய காலைப் படம் எடுத்து அனுப்பினார்கள். கால் உடைந்த ஆள் ஒன்பதாம் கட்டிலில் ஃபேனுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் ஐயா, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கூப்ட்டீங்க, வந்தேன். ஆஸ்பத்திரியில எதுக்குக் கூப்பிடறாங்கன்னு நமக்கு என்ன தெரியும்மா?" என்றார்.

அந்த வார்டுக்கு இன்சார்ஜ் சிஸ்டர் ரோசம்மா. கேரளத்துக்காரர். உயரம் குறைவு, குரல் அதைவிடக் குறைவு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யாராவது பேச வந்தால் எழுதிக்கொண்டிருக்கும் பேனாவை மூடிக் கீழே வைப்பார். கையைக் கட்டிக்கொள்வார். பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். டாக்டர் வந்தாலும் அப்படித்தான், குப்பை வாருகிறவர் வந்தாலும் அப்படித்தான். அந்தப் பேனா கீழே இறங்குவதைப் பார்த்தாலே பொய் சொல்ல வந்தவருக்கு வாய் உலர்ந்துவிடும்.

அன்று என்னைக் கூப்பிட்டார். பேனாவைக் கீழே வைத்தார்.

"மேரி, நீ ஆளைக் கேட்டியா, கட்டிலைக் கேட்டியா?"

"கட்டிலைத்தான் சிஸ்டர்."

"கட்டிலு வாய் திறந்து பேசுமோ?"

"பேசாது சிஸ்டர்."

"பின்னே?"

அவ்வளவுதான். திட்டவில்லை. மறுநாள் காலையிலிருந்து எனக்கு வேலை சொல்லும்போது கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். "இனி நீ சொல்லு." அவர் சொன்னதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

மற்றவர்கள் காகிதத்தில் குறித்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. அதனால் விரலைப் பிடித்துக்கொண்டேன். கட்டைவிரலை விட்டுவிட்டால் ஒரு கையில் நான்கு விரல்; விரலுக்கு மூன்று கணு. ஒரு கையில் பன்னிரண்டு கட்டில், இரண்டு கையிலும் இருபத்து நான்கு. எங்கள் வார்டிலும் சரியாக இருபத்து நான்கு கட்டில்தான். கடவுள் எனக்காகவே கட்டினது போல. முதல் கணு ஒன்றாம் கட்டில், உடம்பு துடைக்க வேண்டும். நாலாம் கட்டில், ஆபரேஷன், தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. ஒன்பதாம் கட்டில், ராத்திரி மூத்திரத்தை அளந்து வைத்திருக்கிறார்கள், கொட்டக் கூடாது. கணுவை அமுக்கிக்கொண்டே சொல்வேன். ஒன்று விட்டுப்போனாலும் சிஸ்டர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இளம் நர்சுகளுக்கு இது பெரிய வேடிக்கை. எனக்கு 'டேப் ரிக்கார்டர்' என்று பெயர் வைத்தார்கள். நான் நடந்து வந்தால், "ஏய், டேப் ரிக்கார்டர் வருது, பாட்டுப் போடச் சொல்லுடி" என்பார்கள். அதிகம் சிரித்தவள் ஸ்டெல்லா. அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது, வேலைக்கு வந்து ஆறு மாதம். கெட்ட பிள்ளை இல்லை. வேகமான பிள்ளை.

சில வருஷத்தில் சிஸ்டர் ரோசம்மாவைப் பிரசவ வார்டுக்கு மாற்றினார்கள். கூடவே என்னையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்டெல்லா அதற்கு முன்பே அங்கே மாறிப் போயிருந்தாள். அங்கேதான் பதினோராம் கட்டிலுக்கு மஞ்சுளா வந்தாள்.

மஞ்சுளா ஓசூர்ப் பெண், தமிழ் பேசுகிறவள். ஆனேக்கல் பக்கத்தில் கன்னடக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். முதல் பிரசவம், பெண் பிள்ளை, நல்ல எடை. பிரசவம் ஆன மறுநாள் தாய்க்குக் கடும் காய்ச்சல். குழந்தைகளைப் பார்க்கும் பெரிய டாக்டர் வந்து, "இந்த மருந்து ஓடறவரைக்கும் உன் பாலைப் பிள்ளைக்குக் குடுக்கக் கூடாது. நான் சொல்றப்ப ஆரம்பிச்சாப் போதும்" என்று அவளிடமே சொன்னார். அது நான் இருக்கும்போதே சொன்னது. பிள்ளைக்குப் பவுடர் பால். நர்சரி ஜன்னலில் கிண்ணத்தை நீட்டினால் கலந்து கொடுப்பார்கள், பாலாடையில், அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், ஊற்றிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு மறுநாளிலிருந்து சிஸ்டருக்கு இரண்டு நாள் லீவு. என்னையும் ஆள் பற்றாக்குறை என்று ஆண்கள் வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் திரும்பி வந்தோம்.

காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது என் வேலை. ஒவ்வொன்றாக எடுத்து, துணியை அவிழ்த்து, தராசில் போட்டு, நர்ஸ் எடையை எழுதிய பிறகு வெந்நீரில் கழுவித் துடைத்துக் கட்டுவேன். பதினோராம் கட்டில் பிள்ளையைத் தூக்கியதுமே என் கை சொல்லிவிட்டது. நான் விட்டுப்போனபோது இருந்த கனம் இல்லை. அவிழ்த்த துணி காய்ந்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் செங்கல் நிறத்தில் ஒரு கறை. தண்ணீர் பட்டதும் மற்ற பிள்ளைகள் வார்டு அதிரக் கத்தும். இது வாயைத் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

"ஸ்டெல்லா சிஸ்டர், இந்தப் பிள்ளை..." என்றேன்.

"தெரியும் ஆயம்மா. ரெண்டு நாளா எடை எறங்கிட்டே இருக்கு. பால் நல்லாக் குடிக்குது, ஆனா எறங்குது. உள்ள ஏதோ இன்ஃபெக்ஷன்னு டவுட் படறாங்க. இன்னிக்கு முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஷிஃப்ட். ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு."

பால் நல்லாக் குடிக்குது. கேஸ் ஷீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. மூன்று ஷிஃப்டு நர்சும் வரிசையாக டிக் போட்டிருந்தார்கள்.

நான் ஐந்து வளர்த்தவள். பால் குடிக்கிற பிள்ளையின் துணி காய்ந்து கிடக்காது.

ஒன்பதரை மணிக்குக் குளியலறை கழுவப் போனேன். தொட்டிக்கு முன்னால் மஞ்சுளா குனிந்து நின்றுகொண்டிருந்தாள். முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டும்தான் இருந்தாள். ஆனால் அவள் செய்துகொண்டிருந்தது வேறு. தன் பாலைப் பிழிந்து தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தாள். ரவிக்கைக்குள் மடித்துவைத்த துண்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்து அதைக் கழுவி விடுகிறாள்.

"என்னம்மா பண்ற?"

"வலி தாங்கல ஆயம்மா. கல்லு மாதிரி ஆயிடுது."

"பிள்ளைக்குக் குடுக்க வேண்டியதுதானே?"

"டாக்டர் சொல்றப்ப குடுன்னாரு. இன்னும் சொல்லலையே."

"பவுடர் பால் குடுக்கறீங்களா அப்ப?"

"முந்தாநாள் ராத்திரியிலிருந்து அதுவும் இல்ல. மாமியார் கிண்ணத்தை எடுத்துட்டுப் போனாங்க. உங்க பெட்டுக்கு நிறுத்தியாச்சுன்னு சொல்லி ஜன்னலைச் சாத்திட்டாங்களாம். அவங்கதான் சர்க்கரைத் தண்ணி குடுத்துட்டு இருக்காங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, வெளிச் சாமான் குடுத்தாத் திட்டுவாங்களாம்."

"யாரையாவது கேட்டியா?"

"ஒரு சிஸ்டரைக் கேட்டேன். டாக்டர் என்ன சொன்னாரோ அதைச் செய், எங்களைக் குழப்பாதேன்னாங்க. அதைத்தான் செய்யறேன்."

இந்தப் பெண் ஒரு தவறும் செய்யவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு, நெஞ்சு நிறையப் பாலை வைத்துக்கொண்டு, பிள்ளை வாடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஓடி வந்தேன். சிஸ்டர் ரோசம்மா டாக்டரைக் கூட்டிவரப் போயிருந்தார். ஸ்டெல்லா மேசையில் மாற்றல் காகிதங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். "பதினோராம் பெட் தாய் பாலே குடுக்கல" என்றேன். தலையை நிமிர்த்தாமல், "ஃபீடிங் எழுதியிருக்கு ஆயம்மா. நானே தாய்ப்பால் குடுக்கலாம்னு சொல்லியிருக்கேன். ரவுண்ட்ஸ் வர்ற நேரம், நீங்க வெளிய போங்க" என்றாள்.

ரவுண்ட்ஸ் என்றால் அப்போது ஒரு முறை இருந்தது. தரை துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். போர்வை மூலை மடிப்புக் கலையக் கூடாது. கூட இருப்பவர்களில் ஒருவரை விட்டு மற்றவர்களை வெளியே அனுப்ப வேண்டும். ஆயம்மாக்கள் பெட்பேன் கழுவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். டாக்டர் கண்ணில் வாளியும் துடைப்பமும் படக் கூடாது. அத்தனை வருஷமும் அப்படித்தான் உள்ளே நின்றிருக்கிறேன்.

அன்று கதவைச் சாத்தவில்லை.

பெரிய டாக்டர் பதினோராம் கட்டிலுக்கு வந்தார். கூட இரண்டு சின்ன டாக்டர்கள், சிஸ்டர் ரோசம்மா, ஸ்டெல்லா. பிள்ளையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். முகம் கறுத்தது. மஞ்சுளாவைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்துக் கன்னடத்தில், பிள்ளை பால் குடிக்கிறதா என்று கேட்டார்.

"ஹாலு குடீத்தா இதெ சார்" என்றாள் அந்த அம்மா. குடிக்கிறது என்று. கை முந்தானையைப் பிடித்திருந்தது. பாலாடை அந்த முந்தானை முடிச்சில்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

"முதுகு ஊசிக்கு ரெடி பண்ணுங்க. பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸ்" என்றார் டாக்டர்.

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன். கட்டில்களுக்கு நடுவே ரவுண்ட்ஸ் நேரத்தில் அதுவரை நடந்ததில்லை. ஈரச் செருப்பு தரையில் தடம் போட்டது.

"சிஸ்டர், ஒரு வார்த்தை சொல்லணும்."

டாக்டர் திரும்பினார். "இவங்களை யாரு உள்ள விட்டது?"

ஸ்டெல்லா என் கையைப் பிடித்து இழுத்தாள். அப்போது சிஸ்டர் ரோசம்மா என்ன செய்தார் தெரியுமா? எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். கட்டில் ஓரத்து மேசையில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"சொல்லு மேரி."

வாய் வரைக்கும் வந்தது, இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல. சொல்லியிருந்தால் அந்த மாமியார் இல்லை என்று சாதித்திருப்பாள், மஞ்சுளா பயந்து வாயை மூடியிருப்பாள். நான் சிஸ்டரிடம் கற்றது ஒன்றுதான். அதையே கேட்டேன்.

"இந்தப் பொண்ணுகிட்ட டாக்டர் என்ன சொன்னாருன்னு அவளையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்க சிஸ்டர். வேற யாரும் பேச வேண்டாம்."

சிஸ்டர் மஞ்சுளாவின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். நர்ஸ் கட்டிலில் உட்காரக் கூடாது என்று அவரே எல்லாருக்கும் சொல்வார்; அன்று உட்கார்ந்தார். "மோளே, பாலைப் பத்தி உன்கிட்ட என்ன சொன்னாங்க? நீ சொல்லு."

மஞ்சுளா மாமியாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்:

"நீங்க சொல்றவரைக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க சார். நான் குடுக்கவே இல்ல. ஒரு சொட்டுகூடக் குடுக்கல. நீங்க இன்னும் சொல்லல."

டாக்டர் கேஸ் ஷீட்டைப் பிடுங்கி இரண்டு பக்கம் புரட்டினார். அவருடைய கையெழுத்து அங்கே இருந்தது. மருந்து மாற்றியாயிற்று, தாய்ப்பால் ஆரம்பிக்கலாம், பவுடர் பால் நிறுத்தவும். அதில் விரலை வைத்துக்கொண்டு, "நான் ரெண்டு நாளைக்கு முன்னாடியே எழுதிட்டேனே" என்றார்.

"நீங்க எழுதினது நர்சுக்கு சார்" என்றேன். "இவளுக்கு யார் எழுதினா?"

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. வேலை போய்விடும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அன்று சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். ஆனாலும் சொன்னதற்கு நான் வருந்தவில்லை, இன்றுவரை.

டாக்டர் பிள்ளையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. உடனே கையில் டிரிப் போட்டார். மற்ற ரத்தப் பரிசோதனைக்கும் எடுத்து அனுப்பினார். முதுகு ஊசியைத் தள்ளிவைத்தார். பிறகு என்னிடமே திரும்பினார்.

"மூணு மணி வரைக்கும் பாக்கறேன். ரத்தத்துல இன்ஃபெக்ஷன் இருந்தாலும், பிள்ளை மூத்திரம் போகலன்னாலும் அனுப்பிடுவேன். புரியுதா?"

"மூணு மணி வரைக்கும். ரத்தத்துல இன்ஃபெக்ஷன் இருக்கக் கூடாது. துணி நனையணும்" என்று திருப்பிச் சொன்னேன். பழக்கம். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

பிள்ளைக்கு உறிஞ்சத் தெம்பு இல்லை. சிஸ்டரே கையைக் கழுவிக்கொண்டு வந்து மஞ்சுளாவின் பாலைக் கிண்ணத்தில் பிழியச் சொல்லிக் காட்டினார். பாலாடை வேண்டும் என்றதும் மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கெட்ட மனுஷி இல்லை. பிள்ளை பசியாகக் கிடக்கக் கூடாது என்று தனக்குத் தெரிந்ததைக் கொடுத்திருக்கிறாள், திட்டுக்குப் பயந்து மறைத்திருக்கிறாள். நான் அந்தப் பாலாடையை வெந்நீரில் கொதிக்கவைத்து அவள் கையிலேயே கொடுத்தேன். "நீங்களே குடுங்க அஜ்ஜி, இந்தத் தடவை பாலு" என்று கன்னடத்தில் சொன்னேன். ஒரு சொட்டு. கன்னத்தில் தட்டல். தொண்டை அசைகிறதா என்று பார்த்து இன்னொரு சொட்டு.

மத்தியானம் ஒரு மணிக்கு ரத்தப் பரிசோதனை வந்தது. இன்ஃபெக்ஷன் இல்லை. பாதி வழி வந்தாயிற்று. துணி காய்ந்தே இருந்தது.

இரண்டு மணிக்கு என் டியூட்டி முடிந்தது. நான் போகவில்லை. அடுத்த ஷிஃப்டு ஆயம்மா, "என்னக்கா, வீட்டுக்கு வழி மறந்துபோச்சா?" என்றாள். கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சுண்டுவிரலின் நடுக் கணுவை அமுக்கிக்கொண்டிருந்தேன். என் கணக்கில் அதுதான் பதினோராம் கட்டில். இரண்டேகாலுக்குத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. இரண்டரைக்கும் அப்படியே. ஸ்டெல்லாவும் வீட்டுக்குப் போகவில்லை. கட்டிலின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு நாற்பதுக்குப் பிள்ளை காலை உதைத்தது. பிறகு அழுதது. அந்த வார்டில் நான் கேட்ட அழுகையிலேயே அதைவிட நல்ல சத்தம் எதுவும் இல்லை. துணிக்குக் கீழே கையை வைத்தேன். சூடாக, ஈரமாக, கை நிறைய.

துணியை அவிழ்த்தேன். வேறு கட்டினேன். ஈரத் துணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வார்டைத் தாண்டி, படியிறங்கி, வெளிநோயாளிகள் வரிசையைத் தாண்டிப் பெரிய டாக்டர் அறைக்குள் போனேன். வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வழி விட்டார்கள். அவர் யாருக்கோ மருந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், மணி மூணு ஆகல" என்றேன். துணியை நீட்டினேன்.

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். விரலால், நன்றாக அமுக்கி. பிறகு சிரித்தார். அத்தனை வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "ஆம்புலன்ஸை வேண்டாம்னு சொல்லுங்க" என்று வெளியே குரல் கொடுத்தார்.

மறுநாள் சிஸ்டர் ரோசம்மா ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். நானும் இருக்க வேண்டும் என்றார்.

"நீ சொன்னேன்னு சொல்றே. யார்கிட்ட சொன்னே?"

"பதினோராம் பெட்டுக்குக் கூட இருந்தவங்ககிட்ட சிஸ்டர். அன்னிக்கு நாத்தனார் இருந்தாங்க. மஞ்சுளா தூங்கிட்டு இருந்தா."

"அந்த நாத்தனார் எப்ப போனாங்க?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அப்பவே பையோட நின்னாங்க. அதுக்கப்புறம்தான் மாமியார் வந்தாங்க."

"அவங்க உனக்கு என்னன்னு பதில் சொன்னாங்க?"

ஸ்டெல்லா கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "தலையாட்டினாங்க சிஸ்டர்."

"ஸ்டெல்லா," என்றார் சிஸ்டர், மெதுவாக, "தலையாட்டினதை நாம சார்ட்ல எழுதக் கூடாது."

அன்றிலிருந்து எங்கள் வார்டில் டியூட்டி மாறும் முறையே மாறியது. முன்பெல்லாம் மேசையைச் சுற்றி நின்று நர்சுகள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டு போவார்கள். இனி ஒவ்வொரு கட்டிலாகப் போக வேண்டும். போகிற நர்ஸ் சொல்ல வேண்டும், வருகிற நர்ஸ் திருப்பிச் சொல்ல வேண்டும், ஆயம்மா தான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். கடைசியாக நோயாளி, தன்னிடம் என்ன சொன்னார்கள் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். கூட இருப்பவர் சொன்னால் கணக்கில் சேராது. நேரம் ஆகிறது என்று முணுமுணுத்தார்கள். ஒரு வாரத்தில் முதலில் கற்றுக்கொண்டவள் ஸ்டெல்லா. வேகமான பிள்ளை என்றேனே.

அடுத்த ரவுண்ட்சுக்கு நான் வழக்கம் போல வாளியை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனேன். பெரிய டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். அந்தப் பட்டப்பெயர் அவர் காதுக்கு எப்படிப் போனதோ.

"எங்க நம்ம டேப் ரிக்கார்டர்? அவங்க வராம நான் ஆரம்பிக்க மாட்டேன்" என்றார்.

வாளியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு வேலையை விடும்வரை ரவுண்ட்ஸ் நேரத்தில் நான் அந்த அறைக்குள் நின்றதில்லை. மற்ற வார்டு ஆயம்மாக்களும் நிற்கவில்லை. சிரித்த நர்சுகளெல்லாம் பிறகு என்னைப் பார்த்தே விரல் கணுவில் கட்டில் எண்ணக் கற்றுக்கொண்டார்கள்.

பதினோராம் கட்டில் பிள்ளை எட்டாம் நாள் வீட்டுக்குப் போனது. போகும்போது தராசில் நான்தான் போட்டேன். பிறந்த எடையைத் தாண்டியிருந்தது. மஞ்சுளா ஆட்டோவில் ஏறும் முன் என் முன்னால் நின்று, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் நான் கேட்காமலேயே ஒப்பித்தாள். ஒன்றும் தவறவில்லை. மாமியாரும் பக்கத்தில் நின்று கன்னடத்தில் ஒரு தரம் ஒப்பித்தாள்.

ஸ்டெல்லா, உன் பிள்ளைகளிடம் இதை வாசித்துக் காட்டு. கையில் எந்த மெஷின் இருந்தாலும் இருக்கட்டும், நல்லதுதான். டிக் அடிக்கும் முன்னால் கட்டிலில் இருப்பவர் வாய் திறந்தாரா என்று மட்டும் பார்க்கச் சொல்.

அவ்வளவுதான் சொல்ல இருந்தது. இதை எழுதி முடித்ததும் எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று ரீனாவைக் கேட்டேன். வந்திருக்கிறது என்று தலையை ஆட்டுகிறாள்.

தலையாட்டாதே ரீனா. நான் என்ன சொன்னேன் என்று முதல் வரியிலிருந்து வாசி, கேட்கிறேன்.